கருக்குழாயில் தங்கிய கரு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றி இருந்ததால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கரு கர்ப்பப்பைக்குள் வராமல் வெளியிலேயே தங்கிவிடுவதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் அரசாங்க மருத்துவமனைத் தாதியாக வேலை பார்த்த காலத்தில் இதற்காக வந்த பெண்கள் பலரைக் கவனித்திருக்கிறேன், அதில் சிலர் மிகவும் தாமதமாக வந்தவர்கள். எழுதியவர்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன். சுங்கை சிப்புட் சின்ன ஊர், இரண்டு வரி படித்தாலே யார் வீட்டுப் பெண் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 27. நாள் தள்ளிப்போய் யூ.பி.டி. (சிறுநீரில் பார்க்கும் கர்ப்பப் பரிசோதனை) பார்த்தேன், இரண்டு கோடு வந்தது. கொஞ்ச நாளில் வலது பக்க அடிவயிறு வலித்து, லேசாக ரத்தமும் பட்டது. ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி ஸ்கேன் செய்து, கர்ப்பப்பை காலியாக இருக்கிறது, கரு டியூபில் இருக்கிறது என்றார்கள். தினமும் செம்மண் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனதால்தான் இப்படி ஆனது என்கிறார் மாமியார். அன்னாசி சாப்பிட்டதால் என்கிறார் நாத்தனார். உண்மையில் எதனால் அக்கா? அந்தக் கருவை எடுத்துக் கர்ப்பப்பையில் வைக்க முடியாதா?
(லிந்தாங் பக்கம்)

பதில்: தங்கச்சி, முதலில் மோட்டார் சைக்கிளையும் அன்னாசியையும் தூக்கி ஓரமாக வையுங்கள். இரண்டுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, பப்பாளிக்கும் கிடையாது, மாடிப்படி ஏறியதற்கும் கிடையாது. இந்தப் பக்கத்தை மாமியாரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள், நான் சொன்னதாகவே இருக்கட்டும்.

நடந்தது இதுதான். சினைப்பையிலிருந்து முட்டை வெளியே வந்ததும் கருக்குழாய் அதைப் பிடித்துக்கொள்கிறது. விந்தும் முட்டையும் சேர்வது அந்தக் குழாயிலேயே நடக்கிறது, கர்ப்பப்பையில் இல்லை. நம்மில் பலருக்கு இது தெரியாது. ஆக, எல்லாக் குழந்தைகளுமே முதல் சில நாள் டியூபில் இருந்தவர்கள்தான். குழாயின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர்கள் இருக்கின்றன, அவை அசைந்து அசைந்து கருவை மூன்று நான்கு நாளில் கர்ப்பப்பைக்குத் தள்ளிவிடும். அந்த வழியில் எங்காவது தழும்போ அடைப்போ இருந்தாலும், மயிர்கள் சரியாக வேலை செய்யாவிட்டாலும், கரு பாதி வழியில் நின்று அங்கேயே வேர் பிடிக்கப் பார்க்கும். இப்படி இடம் மாறித் தங்கும் கருக்களில் 100க்கு 90க்கு மேல் குழாயில்தான் தங்குகின்றன. மற்றவை சினைப்பையிலோ, கர்ப்பப்பையின் வாயிலோ, பழைய சிசேரியன் தழும்பிலோ தங்கும், அவை அபூர்வம்.

குழாய் ஏன் கெடுகிறது என்றால், பெரும்பாலும் எப்போதோ வந்துபோன கிருமித் தொற்றால். கிளமிடியா என்று ஒரு தொற்று, உடலுறவால் பரவுவது, பல பெண்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளே குழாயைப் புண்ணாக்கிவிட்டுப் போகும். (அதற்கு மருந்து சாப்பிடும்போது கணவரும் சேர்ந்து சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் வரும்.) குடல்வால் வெடித்து ஆபரேஷன் செய்தவர்கள், குழாயில் ஏற்கெனவே கத்தி பட்டவர்கள், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு வெளியில் வளரும் நோய்) உள்ளவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள், முன்பு ஒரு முறை இப்படி ஆனவர்கள், இவர்களுக்கெல்லாம் வாய்ப்பு கூடுதல். ஆனால் இதைக் கவனமாகப் படியுங்கள்: இப்படி ஆகும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்தக் காரணங்களில் ஒன்றுமே இருக்காது. நூறு கர்ப்பத்தில் ஒன்று இரண்டு இப்படிப் போகிறது. யாரும் செய்த தப்பு இல்லை, நீங்கள் செய்த தப்பும் இல்லை.

எடுத்து வைக்க முடியுமா என்ற கேள்வி. முடியாது, எந்த நாட்டிலும், எந்தத் தனியார் மருத்துவமனையிலும் முடியாது. கரு ஒட்டிய இடத்திலிருந்து பிரித்தால் அதற்கு ரத்தம் கொண்டுவரும் வழி அறுந்துவிடும், மறுபடி இன்னொரு இடத்தில் அது வேர் பிடிக்காது. முடியும் என்று யாராவது போனில் வீடியோ அனுப்பினால் நம்பாதீர்கள்.

கேள்வி: எனக்கும் டியூப் கர்ப்பம்தான். ஆபரேஷன் வேண்டாம், ஊசி போதும் என்று சொல்லி மெத்தோட்ரெக்ஸேட் போட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது கேன்சர் மருந்தாம்! ஃபோலிக் மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஊசி போட்ட மூன்றாம் நாள் வயிறு வலிக்கிறது. பயமாக இருக்கிறது மிஸ்ஸி, தலைமுடி கொட்டுமா?
(சுங்கை சிப்புட்)

பதில்: முதலில் வலிக்குப் பதில். ஊசி போட்ட மூன்று நான்கு நாளில் வரும் வலி பலருக்கும் வருவதுதான், கரு குழாயிலிருந்து விடுபடும்போது வலிக்கும். பனடோல் போட்டுப் படுத்தால் அடங்கிவிட்டால் சரி. அடங்காமல் கூடிக்கொண்டே போனால், தலை சுற்றினால், தோளில் வலி எடுத்தால், நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், இந்தப் பதிலை முழுக்கப் படித்து முடிக்கக்கூட வேண்டாம். ஊசி போட்ட பிறகும் குழாய் வெடிக்கலாம், ரத்தப் பரிசோதனையில் கர்ப்ப ஹார்மோனின் எண் குறைந்துகொண்டு வரும்போதுகூட வெடிக்கலாம்.

கேன்சருக்கும் இதே மருந்தைக் கொடுப்பது உண்மைதான். வேகமாகப் பெருகும் செல்களுக்கு ஃபோலிக் அமிலம் தேவை, இந்த மருந்து அந்த வழியை அடைத்துவிடுகிறது, செல்கள் பெருக முடியாமல் நின்றுபோகின்றன. கருவின் செல்களும் வேகமாகப் பெருகுபவைதானே, அதனால் இங்கேயும் பயன்படுகிறது. மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும்கூட இதைக் கொடுக்கிறார்கள். இந்த மருந்தின் பின்னால் நம் பக்கத்துச் சரித்திரம் ஒன்று உண்டு. ஆந்திராவின் பீமவரத்தில் 1895இல் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் தலைமை ஏற்றிருந்தபோதுதான் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள், பிறகு அதற்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளையும் உண்டாக்கினார்கள். அதில் ஒன்று உங்களுக்குப் போட்ட ஊசி. அவர் 1948இல் இறந்துவிட்டார். 1982இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதைக் குழாய்க் கர்ப்பத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், அதன் பிறகு எத்தனையோ பெண்கள் கத்தி படாமல் வீடு திரும்பியிருக்கிறார்கள்.

உங்களுக்குக் கொடுத்த அளவு உங்கள் உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்குப் போட்டது, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம். கேன்சருக்குக் கொடுக்கும் பெரிய அளவுகளுக்கு முன்னால் இது சிறியது, முடி கொட்டுவது மிக அபூர்வம். குமட்டல், வாயில் புண், அசதி வரலாம். வெயில் பட்டால் தோல் சிவந்து எரியும், அதனால் வெளிக்காட்டு வேலையாக இருந்தால் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபோலிக் மாத்திரையை நிறுத்தச் சொன்னது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும், ஒரு கையால் அடைத்துவிட்டு இன்னொரு கையால் திறந்துவிடக் கூடாது. இதில் பலர் கோட்டை விடுவது கர்ப்பிணிகளுக்கான பால்மாவில். அந்த டின்னிலும் ஃபோலிக் அமிலம் இருக்கிறது, எடுத்து வையுங்கள். மற்ற சத்து மாத்திரைகளிலும் இருக்கும், டின்னைத் திருப்பிப் படியுங்கள். முருங்கைக்கீரை, பசலைக்கீரையெல்லாம் இப்போதைக்குக் குறையுங்கள். பொன்ஸ்டான் மாதிரி வலி மாத்திரை வேண்டாம், மது கூடவே கூடாது, ஜாமு, நாட்டு மருந்து எதுவும் வேண்டாம். டாக்டர் சரி என்று சொல்லும்வரை கணவரோடு சேர்வதும் வேண்டாம்.

நான்காம் நாளும் ஏழாம் நாளும் ரத்தம் எடுப்பார்கள். பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனின் எண்ணைப் பார்ப்பதற்கு. நான்காம் நாள் அது ஏறியிருந்தால் அழாதீர்கள், பலருக்கு ஏறும். நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் 15 விழுக்காடாவது இறங்கியிருக்க வேண்டும், அதைத்தான் டாக்டர் பார்க்கிறார். இறங்காவிட்டால் இன்னொரு ஊசி, அதற்கும் சரிவராவிட்டால் ஆபரேஷன். இறங்கிவிட்டால் வாரம் ஒரு முறை ரத்தம் எடுத்து, எண் முழுக்க அடங்கும்வரை பார்ப்பார்கள், பல வாரம் ஆகும். தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு அத்தனை முறை வருவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வண்டி இல்லை, கணவர் லோரியில் ஜோகூர் போய்விட்டார் என்றால் அதை ஊசி போடுவதற்கு முன்பே டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வந்து காட்ட முடியாதவருக்கு இந்த ஊசி பாதுகாப்பான வழி இல்லை, அவருக்கு ஆபரேஷனே நல்லது. எல்லாருக்கும் ஊசி பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழாய் வெடித்திருக்கக் கூடாது, கருவுக்கு இதயத்துடிப்பு வந்திருக்கக் கூடாது, குழாயில் உள்ள கருக்கட்டி பெரிதாக இருக்கக் கூடாது, எச்.சி.ஜி. எண் மிக உயரத்தில் இருக்கக் கூடாது, கல்லீரலும் சிறுநீரகமும் நன்றாக இருக்க வேண்டும், பால் கொடுக்கும் தாயாகவும் இருக்கக் கூடாது.

கேள்வி: என் மகளுக்கு நாள் தள்ளிப்போனதே எங்களுக்குத் தெரியாது. ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை, கேஸ்ட்ரிக் என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தாள். இரவு பாத்ரூமில் மயங்கி விழுந்தவளை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினோம். வயிற்றுக்குள் இரண்டு லிட்டர் ரத்தம் என்றார்கள். கடவுள் புண்ணியத்தில் பிழைத்துவிட்டாள். முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா?
(ஒரு தாய், கோலகங்சார்)

பதில்: அம்மா, மகள் பிழைத்ததைப் படித்து எனக்கும் மூச்சு வந்தது.

தெரிந்துகொள்ள வழி உண்டு. பெரும்பாலும் கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து ஆறாவது எட்டாவது வாரத்தில் இது தலைகாட்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, மாதவிடாய் மாதிரி இல்லாமல் கறுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் படும் ரத்தம், இந்த இரண்டும்தான் ஆரம்பம். இந்த ரத்தத்தைத்தான் பலர் "தாமதமாக வந்த மாதவிடாய்" என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். அப்புறம் மலம் கழிக்க உட்காரும்போது வலி, கழிப்பறைக்குப் போக வேண்டும் போல ஓயாத உணர்வு, எழுந்து நின்றால் கண் இருட்டுவது.

தோள் வலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வார்டில் ஒரு பெண் வந்தார், படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே இருந்தார். வலது தோள் நுனியில் வலிக்கிறது என்று வீட்டில் கோடாலித் தைலம் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்திருந்தது. வயிற்றைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே சிவப்பே இல்லை, வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. நாடி ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் மேலே போய், மூச்சுக்கு உதவும் உதரவிதானத்தைச் சுட்டிருக்கிறது, அந்த நரம்பின் வலி தோளில் தெரிந்திருக்கிறது. அரை மணி நேரத்தில் அறுவை அறைக்குக் கொண்டுபோனோம், காப்பாற்றினார்கள். அதனால் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண் தோள் நுனி வலி என்று சொன்னால், கூடவே வயிறும் சரியில்லை என்றால், தைலத்தைத் தேடாதீர்கள், வண்டியைத் தேடுங்கள்.

வயிறு பிடித்துவிடும் பாட்டியிடமும் பீடானிடமும் (நாட்டு மருத்துவச்சி) கொண்டுபோகவே கூடாது. குழாய் வீங்கி நிற்கும்போது மேலே அமுக்கினால் என்னாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மயக்கம் வந்துவிட்டால் 999. நோயாளிக்குச் சோறு தண்ணீர் கொடுக்காதீர்கள், ஆபரேஷன் வேண்டியிருக்கலாம். படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். சின்ன மருத்துவமனையில் பெண் நோய் நிபுணர் இருக்கமாட்டார். அங்கே ரத்தக்குழாயில் ஊசி ஏற்றி, ரத்த வகை பார்த்து, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அதை "அலைக்கழிக்கிறார்கள்" என்று நினைத்துச் சண்டை போட வேண்டாம், அந்த ஊசி வழியாகப் போகும் திரவம்தான் வழியில் உயிரைப் பிடித்து வைக்கிறது.

கல்யாணமாகாத பெண்ணாக இருந்தால் வீட்டில் சொல்லப் பயந்து மறைப்பாள். அம்மாமார்களே, பெண் வயிற்று வலியோடு இருக்கும்போது டாக்டர் உங்களை வெளியே போகச் சொன்னால் போய்விடுங்கள். அவள் அவரிடமாவது உண்மையைச் சொல்லட்டும். திட்டுவதெல்லாம் பிழைத்து வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், அப்போதும் திட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: மூன்று பிள்ளைக்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிட்டேன், ஆறு வருஷம் ஆகிறது. நாள் தள்ளிப்போனால் எனக்கும் பயப்பட வேண்டுமா?

பதில்: ஆமாம். குழாயைக் கட்டிய பிறகு கர்ப்பம் தரிப்பது அபூர்வம், ஆனால் தரித்துவிட்டால் அது குழாயில் இருப்பதற்கான வாய்ப்பு அதிகம். கருத்தடை வளையம் போட்டவர்களுக்கும் இதேதான். மாதவிடாய் தள்ளினால் "நமக்கு எங்கே" என்று விடாமல் யூ.பி.டி. பாருங்கள், இரண்டு கோடு என்றால் அன்றைக்கே கிளினிக்.

கேள்வி: ஊசி போட்டுக் கருவைக் கலைத்துவிட்டேன். பாவம் செய்துவிட்டேனோ என்று தூக்கம் வரவில்லை. கோயிலுக்குப் போகவும் மனசு வரவில்லை அக்கா.

பதில்: பாவம் இல்லை, கண்ணு. குழாயில் தங்கிய கரு எத்தனை நாள் காத்திருந்தாலும் பிள்ளையாகப் பிறக்காது. குழாய் கர்ப்பப்பை மாதிரி விரிந்து கொடுக்காது, கரு வளர வளரக் கிழியலாம், தாயும் போய்விடக்கூடும். பிள்ளையா அம்மாவா என்று நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அப்படி ஒரு தேர்வு உங்கள் முன்னால் இருக்கவே இல்லை. நீங்கள் உயிரோடு இருப்பதற்குத்தான் வைத்தியம் செய்தார்கள்.

ஆனால் துக்கம் உண்மை. இரண்டு கோட்டைப் பார்த்த அன்றே மனசுக்குள் பெயர் வைத்திருப்பீர்கள். எட்டு வாரம்தானே என்று சொல்பவர்களிடம் ஒன்றும் பேச வேண்டாம். கோயிலுக்குப் போங்கள், விளக்குப் போட வேண்டும் என்று தோன்றினால் போடுங்கள், அழுங்கள். பல வாரம் ஆகியும் சாப்பாடும் தூக்கமும் திரும்பவில்லை என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள், அதற்கும் உதவி உண்டு. கணவரும் துக்கத்தில்தான் இருப்பார், ஆண்கள் வாய்திறக்கமாட்டார்கள், நீங்கள் ஆரம்பித்தால் பேசுவார்.

கேள்வி: வணக்கம் அக்கா. என் மனைவிக்கு ஆபரேஷன் செய்து ஒரு டியூபை எடுத்துவிட்டார்கள். எடுக்காமல் கருவை மட்டும் எடுத்திருக்கக் கூடாதா? இனிமேல் எங்களுக்குக் குழந்தை பிறக்குமா? மகப்பேறு விடுப்பு கேட்டதற்குக் கம்பெனியில் கிடையாது என்கிறார்கள்.
(ஒரு கணவர், ஈப்போ சாலை)

பதில்: தம்பி, விடுப்பை முதலில் முடித்துவிடுகிறேன். சட்டப்படி மகப்பேறு விடுப்பு 22 வாரத்துக்குப் பிறகு நடக்கும் பிரசவத்துக்குத்தான், ஆகவே கம்பெனி சொல்வது சரி. ஆனால் மருத்துவமனையில் இருந்ததற்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அதைக் கேளுங்கள், கடிதத்தை வார்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கருவை மட்டும் எடுத்துக் குழாயை விட்டுவைக்கலாம், அதுவும் ஒரு முறை. ஆனால் மற்ற குழாய் நன்றாக இருக்கும் பெண்களுக்கு, விட்டுவைப்பதால் பின்னால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு பெரிதாகக் கூடுவதில்லை என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். விட்டுவைத்தால் கருவின் துணுக்கு உள்ளே தங்கி மறுபடி ஊசியோ ஆபரேஷனோ தேவைப்படலாம். வெடித்து ரத்தம் கொட்டும்போது யோசிக்கவும் நேரம் இருக்காது. டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

குழந்தை பிறக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. இந்த நிலையைத் தாண்டி வந்த பெண்களில் 100க்கு 60 பேருக்கு மேல் இரண்டு வருஷத்துக்குள் கர்ப்பப்பையிலேயே கர்ப்பம் தரிக்கிறார்கள். ஒரு குழாய் போனால் பாதி வாய்ப்பு போய்விட்டது என்று கணக்குப் போடாதீர்கள். வலது சினைப்பையிலிருந்து வரும் முட்டையை இடது குழாய் பிடித்துக்கொள்வதும் நடக்கிறது. மனைவியின் ரத்தம் ஆர்.எச். நெகட்டிவ் வகை என்றால் அடுத்த பிள்ளையைப் பாதுகாக்கும் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று கேளுங்கள், மலாய்க்காரர் சீனரைவிட நம் இந்தியரிடையே நெகட்டிவ் அதிகம். ஆபரேஷன் என்றால் ஒன்றிரண்டு மாதவிடாய் போகட்டும், உடம்பு தேறட்டும். மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போட்டவர்கள் மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும், ஃபோலிக் மாத்திரையை மறுபடி எப்போது தொடங்குவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சிகரெட் பிடிப்பவராக இருந்தால் இதோடு விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை மறுபடி குழாயில் தங்க 10இல் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அதனால் இரண்டு கோடு தெரிந்த வாரமே, பிங்க் புத்தகம் (கர்ப்பிணிப் பதிவேடு) போடும் நாளுக்குக் காத்திருக்காமல், அரசாங்க கிளினிக்குக்கு ஒரு வெள்ளி கட்டிப் போய், முன்பு "லுவார் ராஹிம்" (கர்ப்பப்பைக்கு வெளியே கர்ப்பம்) ஆகி ஒரு டியூப் எடுத்திருக்கிறது என்று பதிவு மேசையிலேயே சொல்லுங்கள், ஆபரேஷன் கடிதத்தையும் காட்டுங்கள். ஆறு வாரம் வாக்கில் ஸ்கேன் கேளுங்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை என்றால் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து எண் எப்படி ஏறுகிறது என்று பார்ப்பார்கள். அந்த இரண்டாவது ரத்தத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள், அன்றைக்கு நீங்களும் லீவு போட்டுக் கூடப் போங்கள்.